டெல்லிக்குப் போன வார்டு ஓட்டு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். நகராட்சி வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்ற ஒரு பெண்ணுக்கு, அவளுடைய கொழுந்தன் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தான்.

“உங்க மேல கோவமில்ல மதினி. டெல்லியில யாரு இருக்கணும்னு பாத்துத்தான் பட்டன அமுக்குனேன்.”

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏலே, எனக்கு முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டதே நீதானலே!”

“அது குடும்பத்துக்கு மதினி. ஓட்டு நாட்டுக்கு.”

“குழாயில சாக்கடை கலந்து உன் மகளுக்கு வயித்தால போச்சே, அன்னைக்கு நகராட்சி வாசல்ல மறிச்சு உக்காந்தது நாடா, நானா?”

“நீங்கதான். அதை யாரு இல்லன்னு சொன்னா?”

“டெல்லியில இருக்கவுகள விடு. உன் ஓட்டுல செயிச்சானே, அவனுக்கே நம்ம தெரு எங்க இருக்குன்னு தெரியாதுலே!”

கோவில் கோபுரம் தெரிந்ததும் அவன் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி குனிந்தான்.

“குழாயில மறுபடியும் நாத்தம் வருது மதினி. நாளைக்கு ஆபீசுக்குப் போனா எங்க வீட்டையும் சேத்துச் சொல்லிருங்க.”

அவள் கூடையைத் தூக்கி மடியில் ‘டங்’கென்று வைத்தாள்.

“போகாம? என் பிள்ளைகளும் அந்தத் தண்ணியத்தானலே குடிக்குதுக!”