சிலுப்பாத கிடா

ஆட்டுக்குட்டியை எடைபோடுவதில் ஒரு சங்கடம் உண்டு, ஐயா. அது சும்மா நிற்காது. கோழியென்றால் காலைப் பிடித்துத் தராசில் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்துக்கொள்ளலாம். குட்டி உதைக்கும், கத்தும், முள் ஆடிக்கொண்டே இருக்கும். நான் இருபது வருடம் நாமக்கல் கோழித் தீவன மில்களில் கலவை போட்டவன். பிறகுதான் மோகனூர் ரோட்டில் சொந்தமாக ஒரு சிறிய மில் வைத்தேன். குட்டிகளுக்குப் பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

கந்தவேல் என்பது என் பெயர், அதை நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். ஆத்தூர்ப் பக்கம் ஐப்பசி மழையில் செத்துப்போன நாற்பத்தொரு குட்டிகளைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அவை தின்றது என் மூட்டையைத்தான். மறுக்கவில்லை. மழை பெய்தபோது அவை கொட்டகைக்குள் ஓடவில்லை, உடம்பை உதறவும் இல்லை, நனைந்தபடியே நின்று சளி கட்டிச் செத்தன என்று உங்கள் தாளில் இருக்கிறது. அப்படித்தான் நடந்திருக்கும். எதனால் என்று சொல்ல வேண்டுமானால் மாசியிலிருந்து தொடங்க வேண்டும். உட்காருங்கள், டீ சொல்லியிருக்கிறேன்.

வடக்கேயிருந்து சணல் விதைப் புண்ணாக்கு வர ஆரம்பித்திருந்தது. கஞ்சாச் செடியின் இனம்தான், ஆனால் போதை இல்லாத வகை. விதையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை. புரதம் நிறைய, கடலைப் புண்ணாக்குக்கு நல்ல மாற்று. அது கெட்ட பொருள் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். வளரும் குட்டிகளுக்கு அது எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தொண்ணூறு நாள் கொடுத்துப் பார்த்து, அதை அனுப்பும் கம்பெனிக்கு அறிக்கை தர வேண்டும். ஆட்டு டாக்டர்கள் நேரில் வந்து பார்த்து அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாலு மாவட்டத்துக்குக் கலவை போடும் உரிமை எனக்கு. அதைப் பெரிதாக நினைத்தேன். கோழித் தீவனக்காரன் என்றே சாகக்கூடாது என்று ஓர் ஆசை.

முப்பத்தாறு மேச்சேரி இனக் குட்டிகள், பட்டிக்குப் பன்னிரண்டாக மூன்று பட்டி. முதல் பட்டிக்குக் கடலைப் புண்ணாக்கு, இரண்டாவதற்குப் பாதிப் பாதி, மூன்றாவதற்கு முழுக்கச் சணல் விதை. மூட்டையைப் பிரித்தபோதே இலைத்தூள் கலந்திருப்பதைப் பார்த்தேன். விதையில் போதை இல்லை, இலை அப்படியல்ல. அது எந்த வகைச் செடியின் இலை என்று யார் கண்டது. சலித்து எடுத்திருக்க வேண்டும். ஆனால் சலிக்காமல் வைத்த முதல் நாள் குட்டிகள் தொட்டியை நக்கி முடித்தன. அவ்வளவு ஆசையாகத் தின்பதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

குட்டிகளைப் பார்த்துக்கொண்டது பாவாயி. ஐம்பத்தைந்து வயது, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவள், புருஷன் வீரன் இறந்து ஆறு வருடம். ஒரே மகன் கதிர். ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போனவன் வண்டி மேலேயிருந்து விழுந்து இடுப்பு உடைந்து திரும்பி வந்தான். அவன் எழுந்து நடந்தால் கிடா வெட்டுகிறேன் என்று முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு குட்டியை நேர்ந்துவிட்டு வளர்த்தாள். அவனும் எழுந்து நடந்தான். கோடையில் மேய்ச்சல் இல்லாததால் கிடாவை என் கொட்டகையில் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அதை நல்ல மனதோடுதான் சொன்னேன்.

எடைபோடும் நாளில் குட்டிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவோம். முதல் இரண்டு பட்டிக் குட்டிகளும் உதறி என்னைக் குளிப்பாட்டிவிடும். மூன்றாம் பட்டிக் குட்டிகள் தண்ணீர் வடிய அப்படியே நின்றன. தராசிலும் அப்படித்தான், முள் அசையவில்லை. எனக்கு வேலை சுலபமாயிற்று. எடையும் அந்தப் பட்டியில்தான் அதிகம். அறிக்கைப் படிவத்தில் எடை, தீனி, கழிச்சல், இருமல் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. துள்ளுவதற்குக் கட்டம் இல்லை.

பாவாயி படிவம் பார்த்து வேலை செய்கிறவள் இல்லை. எழுபதாவது நாளோ என்னவோ, வந்து சொன்னாள்.

“மூணாம் பட்டிக் குட்டிக துள்றதே இல்லீங்க சாமி. தாயைப் பிரிச்ச குட்டிகூட நாலு நாள்ல துள்ளுமுங்க. இதுக கண்ணுல ஒரு வெளிச்சமே இல்லீங்க.”

“வெயிலுக்குத்தான் அக்கா. சரியாயிரும்.”

“வெயிலு எல்லாத்துக்குந்தானுங்களே. டாக்டருங்க வந்தா நா ஒரு வார்த்த சொல்லிப்போடறனுங்க. ஏதோ நோவுன்னா மருந்து குடுப்பாங்கல்ல.”

அவள் மிரட்டவில்லை. குட்டிகளுக்காகத்தான் சொன்னாள். அதுதான் தொந்தரவு. மிரட்டுகிறவளை வேலையை விட்டு நிறுத்திவிடலாம். இவளை நிறுத்தினால் ஊர் முழுக்கக் காரணம் கேட்கும். ஆட்டு விஷயத்தில் பாவாயி சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது, டாக்டர்களும் அவளைத்தான் முதலில் கேட்பார்கள். அவர்கள் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

நீங்கள் வெளியூர் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கிடா வெட்டுவதற்கு முன்னால் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் வெட்ட மாட்டார்கள். அந்த வீட்டில் ஏதோ குற்றம் இருக்கிறது, அதனால் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பார்கள்.

டாக்டர்கள் வருவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாவாயி கிடாவைக் கோயிலுக்கு ஓட்டிப்போனாள். மாலை போட்டு, பொட்டு வைத்து, பார்க்க லட்சணமாக இருந்தது. நானும் போயிருந்தேன். பூசாரி அங்கமுத்து ஒரு சொம்பு ஊற்றினார். கிடா நின்றது. இரண்டாவது சொம்பு ஊற்றினார். மூன்றாவதும் ஊற்றிவிட்டு அரைமணி நேரம் பார்த்தார்கள். தண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, அது தரையைப் பார்த்தபடி நின்றது. கதிர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஊட்டுல குத்தம் இருக்குது பாவாயி,” என்றார் அங்கமுத்து. “மனசுல வெச்சிருக்கறத எறக்கிப்போடு. விரதமிருந்து அடுத்த வெள்ளிக்கெழம ஓட்டிட்டு வா.”

கிடாவை மூன்றாம் பட்டிக்குப் பக்கத்தில் கட்டியிருந்ததால் அது எட்டி அந்தத் தொட்டியில் தின்றிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கயிறு அவ்வளவு நீளமில்லை. நீங்கள் கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று இருந்தேன், ஆனால் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கு முன்பு ஒன்பது நாள், காலையும் சாயங்காலமும், என் கையால்தான் வைத்தேன். வெறும் புண்ணாக்குகூட இல்லை, சலித்து எடுத்த இலைத்தூள். பாவாயி தண்ணீர் எடுக்கப் போகும் நேரமாகப் பார்த்து வைப்பேன். அந்தக் கிடா என் உள்ளங்கையை நக்கும்.

அவளுக்குக் கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. அவள் சொல்லுக்கு ஒரு மாதம் மதிப்பில்லாமல் போனால் போதும் என்றுதான் கணக்கிட்டேன். சாமியே ஒதுக்கிவைத்தவள் குட்டிகளைக் குறை சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். மாதம் கழிந்தால் ஊர் மறந்துவிடும்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தாள். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“சாமி, நீங்க படிச்சவிய. நா என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்னு நீங்களாச்சும் சொல்லுங்க. எம் பையனுக்கு மறுக்கா காலு போயிருமோன்னு பயமா இருக்குதுங்க.”

அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். “யோசிச்சுப் பாருங்க பாவாயக்கா, ஏதாவது இருக்கும்,” என்றேன்.

யோசித்தாள். குட்டிகளுக்குத் தழை போட்டுக்கொண்டே யோசித்தாள். மத்தியானம் வந்து சொன்னாள்.

“எங்கூட்டுக்காரரு போன அன்னிக்கு வெடியால தண்ணி கேட்டாருங்க. ஆடு ஒண்ணு குட்டி போட முடியாமக் கத்திட்டு இருந்துச்சு. இதப் பாத்துப்போட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனேன். வந்து பாத்தா உசுரு இல்லீங்க. அதுதானுங்களா சாமி?”

“இருக்கலாம்” என்றேன்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆறு வருடம் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை என்னிடம் வந்து இறக்கிவைத்தாள். அவளைப் பார்க்க ஒரு குழந்தையைப் போல இருந்தது.

அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. சாமி உத்தரவு கொடுக்கும்வரை பச்சைத் தண்ணீர்தான் என்றாள். விரதத்தில் மாத்திரை எதற்கு என்று அதையும் விட்டாள். கதிர் என்னிடம் வந்து, “நீங்க சொன்னாக் கேக்குமுங்க, சாப்படச் சொல்லுங்க” என்றான். சொன்னேன். ஒரு தரம் சொன்னேன்.

அந்த வாரம் கிடாவுக்கு இலைத்தூள் வைப்பதை நிறுத்தியிருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை அது சிலுப்பியிருக்கும். அவளும் அன்றே சாப்பிட்டிருப்பாள். நிறுத்தலாமா என்று நினைத்துப் பார்த்தேன். டாக்டர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் மூன்றே நாள். மூன்று நாள்தானே என்று இருந்துவிட்டேன். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் கிடா அசையவில்லை. பெண்கள் பாவாயியை விட்டு நாலடி தள்ளி நின்றார்கள்.

திங்கட்கிழமை டாக்டர்கள் வந்தார்கள். நான் எதிர்பார்த்தபடியே முதலில் அவளைத்தான் கேட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு என்னங்க தெரியும்,” என்றாள். “சாமி வேண்டாம்னு சொன்ன கையுங்க இது. எல்லாம் அவிய சொல்றதுதான்.”

என்னைக் கை காட்டினாள். அறிக்கையில் கையெழுத்து விழுந்தது. புதன்கிழமை காலை அவள் வரவில்லை. கதிர் போன் செய்தான். நினைவு தப்பிக் கிடக்கிறாள் என்றான். என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே போய்விட்டாள். இறப்புச் சான்றிதழில் சர்க்கரை என்று இருக்கும், நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அவளைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கிடா என் கொட்டகையிலேயே நின்றது. அதற்கு இலைத்தூள் வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. காரியம் எல்லாம் முடிந்து, அவள் போன பதினேழாம் நாள் கதிர் வந்தான், லேசாகக் காலை இழுத்தபடி. அம்மா நேர்ந்ததை விற்கவும் முடியாது, வெட்டவும் முடியாது, என்ன செய்வது என்று கேட்டான். நான் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அதன் முதுகில் ஊற்றினேன்.

கிடா காதிலிருந்து வால்வரை சிலுப்பியது. என் சட்டையெல்லாம் தண்ணீர். கதிர் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதான்.

“அம்மா குத்தம் தீந்துருச்சுங்களாண்ணா?”

“தீந்துருச்சு” என்றேன்.

தீனியை நிறுத்திப் பதினேழு நாள் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாதா. இருந்தாலும் அந்தத் தண்ணீர் முகத்தில் பட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஐயா. கையெழுத்து வாங்கிய பிறகும் அதுவரை ஒரு மூட்டைகூட நான் வெளியே விற்கவில்லை. மனம் ஒப்பவில்லை. அன்று மத்தியானம்தான் ஆத்தூருக்கு முதல் லோடு ஏற்றினேன். சாமி உத்தரவு இல்லாமல் நான் அனுப்பவில்லை.