எஸ்டிமேட்டில் பதினான்காவது வரி

இரண்டாவது வாக்குமூலம். அளிப்பவர்: பெண், வயது 51, அச்சகத்தில் மதிப்பீட்டு எழுத்தர். பெயரும் தகப்பனார் பெயரும் இணைப்புத் தாளில் உள்ளபடி. இருப்பிடம்: சம்பவம் நடந்த வீட்டின் மாடி. சம்பவம் நடந்து இருபத்தைந்தாம் நாள் காலை பத்தேகால் மணிக்குத் தானாக நிலையத்துக்கு வந்து சொன்னது; சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. கீழ்த்தளத்தில் என் தம்பியும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். தம்பி பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் வேலை பார்த்தான். அவன் மனைவி வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். மாடிக்குப் படி வெளிப்பக்கம். வீடு எங்கள் இருவர் பெயரிலும் உள்ளது. எங்கள் அம்மா போனபோது தம்பிக்கு வயது ஒன்பது. அதன் பிறகு அவனுக்கு வேண்டியதை எல்லாம் நான்தான் பார்த்தேன்.

வீட்டின் வடக்குச் சுவர் குளிர் மாதங்களில் ஓதம் காத்து, உள்பக்கம் கறுப்பாகப் பூத்துவிடும். தம்பி மனைவிக்கு மூச்சிளைப்பு உண்டு. டாக்டர் சுவரைச் சரிசெய்யச் சொன்னார். அதன் பேரில் வீட்டைச் சுற்றி வெளிச்சுவரில் நுரைப் பலகை ஒட்டி, அதன் மேல் பேனல் அடிப்பது என்று மூவரும் முடிவு செய்தோம். அந்த வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் வந்து அளந்து பார்த்து, ஒரு வாரம் கழித்து பத்தொன்பது வரி கொண்ட எஸ்டிமேட் கொடுத்தார். மொத்தம் ஆறு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். எங்களிடம் கடனும் சேமிப்பும் சேர்ந்து ஆறு லட்சம் இருந்தது.

எஸ்டிமேட் எழுதுவதுதான் என் வேலை. எந்த இடத்தில் குறைத்தால் வாங்குகிறவருக்குத் தெரியாது என்பது எனக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். ஆகவே பென்சில் என் கையில்தான் இருந்தது. ஜன்னல் கீழ்ப்பலகைகளை மாற்றுவதை விட்டேன், பதினேழாயிரம் குறைந்தது. பின்பக்க மழைநீர்க் குழாயை விட்டேன், இருபத்திரண்டாயிரம் குறைந்தது. அதன் பிறகு ஒன்பதாயிரம் நின்றது. முன்பக்கப் பேனலுக்குச் சாம்பல் நீல நிறம் கேட்டிருந்தார்கள். அதைச் சாதாரண வெள்ளையாக மாற்றினால் சரியாக ஒன்பதாயிரம் குறையும். நான் அந்த வரியில் பென்சிலை வைத்தபோது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“கலர்ல மட்டும் கை வைக்காதக்கா. கல்யாணம் ஆகி பதினாலு வருஷத்துல அவ வாயத் தெறந்து கேட்டது அது ஒண்ணுதான்” என்றான்.

நான் சரி என்று சொல்லிவிட்டு, அவன் எழுந்து போன பிறகு பதினான்காவது வரியை அடித்தேன். அந்த வரியில் “கேஸ் வெந்நீர் ஹீட்டர் புகைக்குழாய் நீட்டல், சமையலறைக் காற்றுத் துளைக்குப் புதுச் சட்டம்” என்று இருந்தது. ஒன்பதாயிரம். அப்போது அது என்ன என்று நான் யோசிக்கவில்லை. கணக்கு பொருந்தியது. தம்பியிடம் தாளைக் காட்டவில்லை. மேஸ்திரியிடம் மட்டும் அதன் பிரதியைக் கொடுத்தேன், அவரும் வரிகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

வேலை தொடங்கிய ஆறாம் நாள் பகல் பதினொன்றரை மணிக்கு நான் அச்சகத்தில் இருந்தபோது மேஸ்திரி போன் செய்தார். இதைத்தான் முதல் வாக்குமூலத்தில் நான் மறைத்தேன். அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“மேடம், கிச்சன் சுவர்ல கீழ ஒரு காத்து ஓட்டை இருக்கு. மேல ஹீட்டர் புகைக்குழாய் வருது. நான் அடிக்கிற பலகை கனம் அஞ்சு இஞ்ச். அடிச்சா குழாயோட வாய் உள்ள போயிடும். நீங்க அந்த வரிய அடிச்சிட்டீங்க. இப்ப என்ன பண்ண?”

நான், “எஸ்டிமேட்ல இருக்கறத மட்டும் செய்ங்க” என்றேன்.

“ஓட்டைய மூடிரவா?”

“மூடிருங்க. பின்னாடி பாத்துக்கலாம்.”

பின்னால் யாரோ ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அதன் பிறகு, “சரி மேடம். ஆனா அத சரி பண்ற வரைக்கும் ஹீட்டர் ஓடும்போது ஜன்னலத் தெறந்து வைக்கச் சொல்லுங்க. வெளையாட்டு இல்ல. தம்பிகிட்ட மறக்காம சொல்லிருங்க” என்றார். சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

(தம்பியிடம் சொன்னீர்களா என்று கேட்கப்பட்டதற்கு) சொல்லவில்லை. (மறந்துவிட்டீர்களா என்று கேட்கப்பட்டதற்கு) இல்லை. நினைவில் இருந்தது. சொன்னால் அந்த வரியை ஏன் அடித்தாய் என்று கேட்பான், உடனே நிறத்தை வேண்டாம் என்பான், அவள் முகம் வாடும், நானும் கணக்கில் தவறியவள் ஆவேன். அடுத்த மாதச் சம்பளத்தில் யாருக்கும் தெரியாமல் அந்த வேலையை முடித்துவிடலாம் என்று இருந்தேன். அந்த மாதம் என் பல் வைத்தியத்துக்குப் போய்விட்டது.

வேலை முடிந்ததும் வீடு பார்க்க நன்றாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கீழ்த்தளத்தில் குளிர் நின்றுவிட்டது. தம்பி பனியனோடு கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “வீட்டுக்கே ஸ்வெட்டர் போட்டாச்சு, இனிமே நமக்கு எதுக்கு?” என்று சிரித்தான். ஒரு ஊசி அளவு காற்றுகூட உள்ளே வரவில்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான்.

அதன் பிறகு இரண்டு வாரத்தில் தம்பி மனைவிக்குத் தலைவலி வந்தது. நூல் கோக்கும்போது ஊசி இரண்டாகத் தெரிகிறது என்றாள். ஒரு நாள் நான் கீழே போனபோது, தைத்த துணியின் மேலேயே தலையை வைத்துப் படுத்திருந்தாள். “என்னன்னே தெரியலக்கா. உள்ள இருந்தா தல கனக்குது, கடைக்குப் போனா சரியாயிடுது. வீட்டு வேலை செய்யாம இருக்க நல்ல சாக்குன்னு இவரு கிண்டல் பண்றாரு” என்றாள். நான், “புதுசா ஒட்டின பசை வாடைம்மா. போகப் போகச் சரியாயிடும்” என்றேன். அப்படிச் சொல்லும்போது அது பசை இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்ததா என்று இத்தனை நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு ஒரு முறை சமையலறையில் கை கழுவியபோது ஹீட்டரைப் பார்த்தேன். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக ஆடியது. மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி பிடித்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. நான் ஜன்னலைத் திறந்தேன். தம்பி வந்து, “இத்தன செலவு பண்ணி அடைச்சிட்டு நீயே தெறந்து விடறியே” என்று சாத்தினான். நான் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இது சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பு.

சம்பவ தினம் ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டு மணி அளவில் தம்பி வீட்டிலிருந்த கம்பளிகளை எல்லாம் வெந்நீரில் அலச ஆரம்பித்தான். நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே தையல் இயந்திரம் ஓடும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. இரண்டே முக்காலுக்குத் தையல் இயந்திரம் நின்றது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றரை மணிக்கு நான் படி இறங்கியபோது கீழ் வாசல் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வெளியே வந்துகொண்டிருந்தது. சூடான தண்ணீர். என் காலில் பட்டது.

கதவைத் திறந்தேன். தம்பி மனைவி கூடத்தில் சமையலறையைப் பார்த்தபடி குப்புறக் கிடந்தாள். ஒரு கையில் அளவு நாடா இருந்தது. தம்பி சமையலறையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் நல்ல சிவப்பாக, நெடுநாள் நோயிலிருந்து எழுந்து தேறியவன்போல இருந்தது. அதனால் முதலில் அவனைத் திட்டினேன். “குழாய மூடாம என்னடா பண்றே” என்று கேட்டேன். அதன் பிறகு தோளைத் தொட்டேன். ஹீட்டரை அணைத்தேன், ஜன்னலைத் திறந்தேன், தம்பி மனைவியின் இரு கைகளையும் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். எதிர்வீட்டு லாரி ஓட்டுநர் ஆம்புலன்ஸை அழைத்தார். ஹீட்டர் புகையின் நஞ்சில் தம்பி போய் வெகு நேரம் ஆகிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தம்பி மனைவி ஐந்தாம் நாள் கண் விழித்தாள்.

மூன்றாம் நாள் இந்த நிலையத்தில் என்னை விசாரித்தபோது, காற்றுத் துளை மூடப்பட்டது எனக்குத் தெரியாது என்றும் மேஸ்திரி எங்கள் யாரிடமும் கேட்கவில்லை என்றும் சொன்னேன். அது பொய். அன்று மாலையே மேஸ்திரி கைது செய்யப்பட்டார். அவரிடமிருந்த எஸ்டிமேட் பிரதியில் வரி அடிக்கப்பட்டிருந்ததை, அவரே அடித்துக்கொண்டார் என்று சொன்னேன். அதுவும் பொய். நான் பென்சிலால் அடித்த மூலத்தாளை அச்சக மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்திருந்தேன். இன்று அதைக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

சம்பவம் நடந்து ஆறாம் நாள் என் முன்னிலையில் சமையலறை வெளிச்சுவரின் பேனலை அறுத்து எடுத்தார்கள். நுரைப் பலகை வந்ததும் பழைய சுவர் தெரிந்தது. காற்றுத் துளையைச் சுற்றி மேஸ்திரி தச்சுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி எழுதியிருந்தார். அங்கிருந்த யாருக்கும் அது ஏன் என்று தெரியவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்காவுக்குத் துக்கம் தாளவில்லை என்று சொல்லி நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் மேஸ்திரியின் மனைவி அச்சகத்துக்கு வந்தாள். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பார்க்க, என் மேசைக்கு முன்னால் நின்று, “போன்ல கேட்டேன், அந்தம்மா மூடச் சொன்னாங்கன்னு சத்தியம் பண்றாரும்மா. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்” என்றாள். நான், “எங்கிட்ட யாரும் கேக்கல” என்றேன். அவள் சண்டை போடவில்லை. என் முகத்தையே பார்த்தாள். “சரிங்க. உங்களுக்கும் ஒரு உசிரு போயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் கீழே போக மறுத்து என் அறையில் இருக்கிறாள். அவளுக்கு இடது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஊசி பிடிக்க வராது என்கிறார்கள். சாப்பாட்டை நான்தான் ஊட்டுகிறேன். நேற்றுக் காலை ஊட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அந்த மேஸ்திரி வெளிய வரக் கூடாதுக்கா. அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்களாம். அவங்க தவிக்கட்டும். எனக்கு நீங்க இருக்கீங்க” என்றாள். அந்த வாயில் அடுத்த கவளத்தை என்னால் வைக்க முடியவில்லை. அதன் பிறகுதான் இங்கே வருவது என்று முடிவு செய்தேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

மேஸ்திரி என்னிடம் கேட்டார். எச்சரிக்கவும் செய்தார். மூடச் சொன்னது நான். ஜன்னலைப் பற்றிச் சொல்லாமல் விட்டதும் நான்.

தம்பி மனைவி இப்போது இந்த நிலையத்தின் வெளி பெஞ்சில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேஸ்திரிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துத் துணைக்கு வந்தாள். பெண் காவலர் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவளிடம் வேறு யாரும் சொல்ல வேண்டாம். என்னை எங்கே கொண்டுபோவதாக இருந்தாலும், அதற்கு முன் அந்த பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்ல ஐந்து நிமிடம் அனுமதி கேட்கிறேன்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. முந்தைய வாக்குமூலத்தில் இதற்கு மாறாக உள்ளவை பொய் என்றும், இதில் உள்ளவை அனைத்தும் நான் அறிந்த உண்மை என்றும் ஒப்புக்கொண்டு, சுயநினைவோடு கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)

பதிவு செய்தவர் குறிப்பு: கேட்ட ஐந்து நிமிடம் அனுமதிக்கப்பட்டது.