சாறிக்கு எடுபடாத ஓவியம்

ஷ்லீரன் புறநகருக்குப் போகும் ட்ராமில் என் முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். "அந்த ஓவியத்துக்கு என்ரை பச்சைச் சாறி எடுபடேல்லை" என்றார் மூத்தவர். நான் கைபேசியை அணைத்துவிட்டேன்.

"எந்த ஓவியம் அக்கா?"

"நான் வேலை செய்யிற மண்டபத்திலை கறுப்பின ஓவியர்களின்ரை கண்காட்சி நடக்குதெல்லோ. முதல் நாள் ஒரு காக்கா குருவியும் வரேல்லை. அதை நடத்துற ஆமினா, அவவும் ஓவியர்தான், அழாத குறை. நான்தான் எங்கடை வாட்ஸ்அப் குறூப்பிலை போட்டன், 'சாறி கட்டிக்கொண்டு வாங்கோ, போட்டோ எடுக்க வடிவான இடம்' எண்டு."

"வந்தவையோ?"

"மண்டபம் நிரம்பிப்போச்சு. ஆனா எல்லாரும் ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு போட்டோ எடுத்திட்டுப் போட்டினம். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை."

"ஐயோ, ஆமினா பாவம்."

"பாவமோ? அடுத்த நாளே ஓவியம் எல்லாத்தையும் கழட்டி எதிர்ச் சுவரிலை கொழுவிப்போட்டு, வெறுஞ்சுவரிலை பூமாலை கட்டிவிட்டா. சனம் பூமாலைக்கு முன்னாலை நிக்குது. கமராவுக்குப் பின்னாலை முழுக்க ஓவியம். பாக்காமல் என்ன செய்யிறது?"

"பாக்கினமோ?"

"இப்ப எடுக்கிற போட்டோ எல்லாத்திலையும் எங்கடை சனம் வாயைப் பிளந்துகொண்டு நிக்குது."

இளையவர் கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"நாளைக்கு நானும் வாறன் அக்கா. பூமாலை என்ன நிறம்?"