மேட்டில் வைக்காத கல்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, கன்னத்தில் கோக்கா இலையோடு அழுகையையும் அடக்கிக்கொண்டிருக்கும் தோலாபம்பா மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் பசிலியா அக்கா, நாம் மரியாதையாகத் தோன்யா என்றழைத்த பசிலியா வராச்சி, போய்விட்டார். தாய்மார் சங்கத் தலைவி போய்விட்டார். சைக்கிள் ரிப்பேர்க்காரன் எனக்கு மேடைப் பேச்சு வராது. அக்காவின் சைக்கிள் பயணத்தில் கூடப் போனவன் பேசட்டும் என்றார்கள். பேசுகிறேன்.

பொலிவியா வரைபடத்தில் நம் ஊர் இருக்கிறதா? இல்லை! ஊருக்கு ஒரு டாக்டராவது இருந்தாரா? இல்லை! பிரசவ வலியில் தன் தங்கை துடித்துச் செத்த மறுவாரமே அக்கா எழுந்தார். "நகரத்துக்குப் போயி டாக்டர் கேப்போம்" என்றார். லாரி கிடைக்காதே என்று நான் இழுத்தேன். "ஏன்யா, உன் கடையில தொங்குறதெல்லாம் சைக்கிளா, துணி காயப்போடுற கொடியா?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

கிளம்பினோம். உப்புவெளி, மணல், மறுபடியும் உப்புவெளி. ஆள் இல்லை, மரம் இல்லை, ஒதுங்க ஒரு சுவர் இல்லை. மதியமானால் மேல்காற்று எழுந்து, மிதிக்க மிதிக்கப் பின்னால் தள்ளியது. ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போனோம். முன்னால் போகிறவர்தான் காற்று முழுவதையும் வாங்க வேண்டும். தன் முறை முடிந்தும் அக்கா நகர்ந்தாரா? இல்லையே! "பின்னாடி வாக்கா!" என்று கத்தினேன். "நீ செயினைப் பாரு, காத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

கணவாய் வந்தது. அடிவாரத்தில் எடுத்த கல்லை மேட்டுக் குவியலில் வைத்து, களைப்பையும் அங்கேயே இறக்கிவிட்டுப் போவது நம் வழக்கம். எல்லோரும் வைத்தோம். அக்கா மட்டும் கல்லைச் சால்வையில் முடிந்துகொண்டார். "கூடாதுக்கா, களைப்பு கூடவே வரும்" என்று பதறினேன். "வரட்டும்யா. நம்ம களைப்பை இந்த மலை ஏன் சுமக்கணும்? சுமக்க வேண்டியவன் அங்க நாற்காலியில உக்காந்திருக்கான்."

நகரம் சேர்ந்து, சுகாதார அலுவலகத்தில் டாக்டர் கேட்டோம். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் அதிகாரி. அக்கா கல்லை எடுத்து அவர் மேசைமேல் வைத்தார். "இது எங்க ஊர்க் களைப்பு, ஐயா. வச்சிருங்க. டாக்டர் வந்ததும் நானே வந்து எடுத்துக்கிறேன்." அதிகாரியும் மலையில் பிறந்தவர்தானே! தொட்டால் நம் களைப்பு தன்மேல் ஏறிவிடும் என்று அந்தக் கல்லைத் தொட அவருக்கும் தைரியமில்லை. டாக்டர் வந்தார். அக்கா மறுபடி அத்தனை தூரமும் மிதித்துப் போய்க் கல்லைக் கொண்டுவந்தார். காற்று சாத்திவிடாதபடி அதையே நம் புது ஆஸ்பத்திரிக் கதவுக்கு முட்டாக வைத்தார். எத்தனை குழந்தைகள் அந்தக் கதவுக்குள் பிறந்தன!

போன வருஷம் டாக்டரை மாற்றினார்கள். வேறு ஆள் வரவில்லை. கதவைப் பூட்டினார்கள், கல்லை வெளியே போட்டார்கள். அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால்தான், ஐயா, நம் அக்காவின் மூச்சு நின்றது.

அந்தக் கல் இப்போது என் சைக்கிளில் கட்டியிருக்கிறது. நாளை, காற்று எழும் முன்னே நகரத்துக்குக் கிளம்புகிறேன். வருகிறவர்கள் வாருங்கள். அடிவாரத்தில் ஆளுக்கொரு கல் எடுங்கள். மேட்டில் மட்டும் யாரும் வைத்துவிடாதீர்கள்.