சொருவத் தெரிஞ்சவங்க

"...கும்புடறாங்க சார். டிப்ஸ் குடுக்க வேண்டிய எடத்துல நின்னு கும்புடறாங்க. கும்புட்டா மிக்ஸி வருமா, நீங்களே சொல்லுங்க."

செங்கம் ரோட்டு ஓட்டலில் தோசை பரிமாறும் கண்ணாயிரம், சென்னையிலிருந்து வந்து தனியாக உட்கார்ந்திருந்தவரிடம்தான் இப்படிப் புலம்பினார். சென்னைக்காரர் வாய் நிறைய தோசை. கண்ணாயிரத்துக்கு அது வசதி.

"எல்லாம் அந்த ஜப்பான்காரம்மாவால வந்தது. போன கார்த்திகைக்கு வந்தாங்க. சாப்ட்டு எழுந்து ஐநூறு ரூபா நீட்டுனாங்க. நான் மரியாதைக்கு 'அய்ய, வேணாம்மா'ன்னேன். நம்மூர்ல அதுக்கு இன்னா அர்த்தம்? நான் வேணாங்கணும், நீங்க 'அட புடிங்க'ங்கணும், நான் ரெண்டடி பின்னால போவணும், நீங்க வந்து சட்டைப் பையில சொருவணும். அந்தம்மா நோட்டை மடிச்சி உள்ள வெச்சிக்கினு என்கிட்ட ஸாரி கேட்டாங்க சார். குனிஞ்ச வேகத்துல நெத்தி டேபிள்ல இடிச்சி, சாம்பார் கிண்ணம் பறந்து ரோட்ல போன பஸ்சுக்குள்ள வுழுந்துச்சி. கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் கிழிச்சாராம்...

"ஏன் வேணாம்னு கேட்டாங்க. நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம். கெத்தா எதுர்ல இருக்கற கிரிவல மலையைக் காட்டி, 'எல்லாம் அவரு பாத்துக்குவாரு'ன்னுட்டேன். போட்டோ புடிச்சி நெட்ல போட்டுட்டாங்க. காசு தொடாத சாமியாம் நானு. அன்னிலேந்து ஜெர்மனி, பிரான்ஸுன்னு வராங்க. பூ ஜாஸ்தி, கால்ல வுழறது ஜாஸ்தி, டிப்ஸ் மட்டும் கம்மி. கம்மி இன்னா, இல்லவே இல்ல. 'நான் வாங்குவேன்'னு சொல்லியும் பாத்தேன். சாமி சோதிக்கிறாருன்னு இன்னும் கீழ குனியறாங்க. மொதலாளி என் படத்தை மெனு அட்டையிலயே போட்டுட்டாரு. வூட்ல என் சம்சாரம் ரேணுகாம்பாள் அம்மியில அரைச்சிக்கினே, 'சாமி, மிக்ஸி எப்போ வரும்?'னு கேக்கறா. நீங்களாவது நம்ம வழக்கம் தெரிஞ்சவரு சார்..."

சென்னைக்காரர் கை கழுவி வந்து நூறு ரூபாயை நீட்டினார்.

"அய்ய, வேணாங்க சார். எதுக்குங்க..."

வழக்கம் தெரிந்தவர், நோட்டோடு முன்னால் வந்தார். கண்ணாயிரம் ரெண்டடி பின்னால் போய், சட்டைப் பையை லேசாக விரித்துப் பிடித்துக்கொண்டு, கூச்சத்தோடு மலைப்பக்கம் பார்த்தார். நோட்டு பையின் விளிம்பைத் தொட்டேவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசை வெள்ளைக்காரம்மா பாய்ந்து வந்து சென்னைக்காரர் கையைப் பிடித்தாள். மெனு அட்டைப் படத்தைக் காட்டினாள். மலையைக் காட்டினாள். நோட்டைப் பிடுங்கி சென்னைக்காரருடைய சட்டைப் பையிலேயே ஆழமாகச் செருகி, மேலே ஒரு தட்டும் தட்டினாள். அவர் அசடு வழிய ஆட்டோ ஏறிவிட்டார்.

காலி நாற்காலியிடம் கண்ணாயிரம் சொன்னார்: "இன்னா அழகா சொருவறா பாருங்க சார்."