பங்கு போட்ட மாத்திரை

ஈரல் கெட்டு வந்த எங்களை ஈர நெஞ்சோடு ஏற்றுக்கொண்ட மருந்து வழங்கும் விழாவின் தலைவர் டாக்டரம்மா அவர்களே! குத்துகிற ஊசியையும் சிரித்துக்கொண்டே குத்தும் நர்ஸ் சகோதரிகளே! முன்வரிசைப் பெரியோர்களே, மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, இவன் எப்போது முடிப்பான் என்று வாசலைப் பார்க்கும் நண்பர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவன் நான். என் அக்காவையும், அதோ தலை குனிந்திருக்கும் என் மாமாவையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குனியாதீங்க மாமா, வழுக்கை கண்ணைக் கூசுது!

இருவர் இரத்தத்திலும் ஹெபடைடிஸ் சி. ஓசையின்றி ஈரலை உருக்குகிற கிருமி. மாமாவுக்கு மாத்திரை முதலில் வந்தது. அக்காவோ அடுத்த மருந்துச் சரக்கு வரக் காத்திருந்தாள். பாதி டப்பா முடிவதற்குள் மாமாவின் களைப்பு பறந்தது, பசி பிறந்தது. உடனே மிச்சத்தை அக்கா கையில் திணித்தார். "எனக்குத்தான் சரியாப் போச்சே, மீதியை நீ சாப்பிடும்மா!"

காதல் என்றால் இதுவல்லவா காதல்! ஆனால் கிருமிக்குக் காதல் தெரியுமா? கருணை தெரியுமா? அரைகுறை மருந்தில் செத்தவை அப்பாவிக் கிருமிகள். தப்பியவையோ அந்த மருந்துக்கு அசையாத அடங்காப்பிடாரிகள்! அவை பெருகின. இருவர் உடம்பிலும் பெருகி, பழைய மருந்தைப் பார்த்துப் பல்லை இளித்தன.

டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டீங்களா?"

மாமா மார்தட்டினார்: "ஒண்ணுகூட வீணாக்கலைங்க. ஆளுக்குப் பாதி!"

டாக்டரம்மா தலையில் கை வைத்தார். பாருங்கள், இப்போதும் வைக்கிறார்!

பிறகு வந்தது வேறு மருந்து. மூன்று மருந்துகள் கூடிய ஒரே மாத்திரை. இதற்கும் கிருமி மசியாவிட்டால் மேற்கொண்டு வழி கடினம் என்றார்கள். இம்முறை இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. மாமா விடுவாரா? "என்னோடதையும் அவளுக்கே கொடுங்க டாக்டர், ரெண்டு மடங்காப் பிடிக்கட்டும்!"

அக்கா பொங்கிவிட்டாள். "போர்வையில முக்கால்வாசி இழுத்துக்கிற ஆளு, மாத்திரைக்கு மட்டும் வள்ளலா? உங்களுத நீங்க முழுங்குங்க. நீங்க இல்லாம நான் மட்டும் பொழைச்சு யார்கூடச் சண்டை போடுறது?"

மாமா வாயடைத்துப் போனார். மாத்திரைக்கு மட்டும் திறந்தார்!

உடம்பு தேறியது, நிறுத்தினார்களா? இல்லை! பசி வந்தது, நிறுத்தினார்களா? இல்லவே இல்லை! மருந்து முடிந்து மூன்று மாதம் பொறுத்து இரத்தம் கொடுத்தார்கள். இன்று காலை முடிவு வந்தது. அக்காவுக்குக் கிருமி இல்லை! மாமாவுக்கும் இல்லை!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! மாமா, நீங்க ஏன் அழறீங்க? மூக்கைத் துடைங்க, போட்டோ எடுக்கிறாங்க.

இன்று மருந்தின் முதல் டப்பாவை வாங்கப்போகும் என் உறவுகளே! சோற்றைப் பகிருங்கள், சுமையைப் பகிருங்கள், சொத்தைக்கூடப் பகிருங்கள். மருந்தை மட்டும் பகிராதீர்கள்! தேறிவிட்டேன் என்று உடம்பு சொல்லும், நம்பாதீர்கள். டாக்டர் சொல்லட்டும்!

எங்கள் வீட்டு இரண்டு உயிரையும் ஒன்றாகவே திருப்பித் தந்த இந்த மருத்துவமனைக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் நலமாக இருங்கள். வணக்கம்!