நிலுவையில் ஒரு கேள்வி

அதான் சொல்றேனேம்மா, அந்த மனுவ அங்க குடுத்தீங்கன்னா கிணத்துல போட்ட கல்லுதான். அது தளவாடம் வாங்குற பிரிவு. பீரங்கி வேணும்னா அங்க போகலாம். உங்க வீட்டுக்காரருக்கு முதுகு போனதுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? இப்படி வந்து உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். நான் நிக்கிறேன், பரவால்ல. முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டரா நின்னே பழகின காலு, உக்காந்தா சும்மா இருக்காது.

இல்லல்ல, நான் இங்க வேலை பாக்கல. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. போன மாசம் புதுசா சேர்ந்த ஒரு அதிகாரியே வந்து, ஐயா, வரைபடப் பிரிவு எந்தப் பக்கம்னு எங்கிட்ட கேட்டாரு. மூணாம் மாடி, வலது கைப்பக்கம், கடைசிக் கதவு, இழுத்தா வராது தள்ளணும்னு சொல்லி அனுப்பினேன். எனக்கு சல்யூட் அடிச்சுட்டுப் போனாரு, பாவம்.

மலைச்சுப் போகாதீங்க. மொத நாள் எனக்கும் கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரிதான் இருந்துச்சு. பாதுகாப்பு அமைச்சகம்னு வாசல்ல அவ்ளோ பெரிய எழுத்து. உள்ள துப்பாக்கியும் கையுமா ஆளுங்க நடப்பாங்கன்னு பயந்துக்கிட்டே வந்தேன். பாத்தா ஃபைலும் கையுமா, டிபன் பாக்ஸும் கையுமா நம்மள மாதிரி ஆளுங்க.

விஷயம் சிம்பிள்மா. சண்டை போடுறது பட்டாளம். போடணுமா வேணாமான்னு முடிவு பண்றது மந்திரிமாருங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்கிறது அத்தனையும் இந்தக் கட்டடம். பூட்ஸ் லேஸ்லேர்ந்து போர்க்கப்பல் வரைக்கும். யார ஆளெடுக்கிறது, எங்க நிலம் எடுக்கிறது, அடிபட்டா யாரு பாக்குறது, செத்தா யாரு லெட்டர் போடுறது, எல்லாம்.

உச்சில மந்திரி. அவரு வருவாரு போவாரு. அவருக்குக் கீழ செயலாளர், சீருடை போடாதவரு. எதிர்க்கத் தெரியுது பாருங்க ஒரு ப்ளாக்கு, அங்க தரைப்படை, கடற்படை, விமானப்படை மூணுக்கும் தனித்தனியா தலைமையகம், தனித்தனியா தளபதி. அங்கேர்ந்து இங்க ஆளு நடந்து வந்தா நாலு நிமிஷம். காயிதம் நடந்து வந்தா நாப்பது நாள். ஏன் இந்தக் கூத்துன்னு ஒரு நாள் கேட்டேன். துப்பாக்கி வெச்சிருக்கிறவர்கிட்டயே கஜானா சாவியையும் குடுத்துடக் கூடாதாம். மொதல்ல எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா சரிதான்னு பட்டுச்சு. பஸ்ஸுல ஸ்டியரிங் டிரைவர்கிட்ட, விசில் நம்மகிட்ட. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்தா அவன் இஷ்டத்துக்கு நிறுத்துவான், இஷ்டத்துக்குக் கிளப்புவான்.

நீங்க ரெண்டாம் மாடி போகணும். ஓய்வூதியப் பிரிவு. மருத்துவக் குழு அறிக்கை இருக்கா? நகல்? ஒண்ணு பத்தாதும்மா, மூணு எடுத்துக்குங்க. அப்புறம், வேலை நேரத்துல பட்ட அடிதான்னு அவரோட படைப்பிரிவுலேர்ந்து ஒரு லெட்டர். அது இல்லேன்னா எல்லாரும் கையை விரிச்சுடுவாங்க. அது இருக்கா? அப்பாடி. அப்போ பாதிக் கிணறு தாண்டிட்டீங்க.

அங்க சாப்பாட்டு நேரம் முடியட்டும், போகலாம். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. உக்காருங்க.

எனக்கா? எனக்குப் பையன்மா. ராணுவத்துல லாரி டிரைவரா இருந்தான். அப்பன் விசில் ஊதினான், புள்ள வண்டி ஓட்டுறான்னு தெருவுல கிண்டல் பண்ணுவாங்க. ஆறரை வருஷம் ஆச்சு. மலைப்பாதையில ஏழு வண்டி அரிசி, பருப்பு ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. வழியில ஒரு ஆறு, தற்காலிகப் பாலம். ரெண்டு வண்டி தாண்டிடுச்சு. மூணாவது இவனோடது. பாலத்தோட போயிடுச்சு.

பதினோரு நாள் கழிச்சு வண்டி கெடச்சுது, எங்கயோ கீழ மணல்ல சொருகி. கூட இருந்த பையன் உள்ளேயே இருந்தான். எம்புள்ள இல்ல. அவன் பக்கத்துக் கதவு மட்டும் திறந்திருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி. அந்த ஒரு வரிதான்மா என்னை இங்க இழுத்துட்டு வந்துச்சு. வெள்ளத்துல மூழ்குற வண்டில கதவு தானா திறக்குமா, சொல்லுங்க? இவன் நீச்சல் தெரிஞ்சவன்.

ஆமா, காணாமப் போனவர்னுதான் போட்டிருக்காங்க. அதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, அந்தா, அந்தப் பச்சைக் கதவு. அங்க ஒரு அம்மா இருக்காங்க. கண்ணாடியத் தலை மேல ஏத்தி வெச்சுக்கிட்டு மேசையெல்லாம் தேடுவாங்க, நான் கண்ணாடியம்மான்னுதான் சொல்றது. நல்ல மனுஷி. மொத வருஷம் அவங்கதான் வாய்தவறிச் சொன்னாங்க. ஐயா, குடும்பத்துலேர்ந்து ஒரு கேள்வி நிலுவையில இருந்தா நாங்க இறுதி ஆணை போட முடியாது, ஃபைல் அப்படியே நிக்கும், அதனால சீக்கிரம் கேட்டு முடிங்கன்னு. அவங்க அலுப்புல சொன்னாங்க. நான் அதைக் கப்புனு புடிச்சுக்கிட்டேன்.

இறுதி ஆணைன்னா, காணாமப் போனவர்ங்கிறத அடிச்சுட்டு என்ன எழுதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நான் வேற சொல்லணுமா.

அன்னையிலேர்ந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு கேள்வி. அன்னைக்கு மழை வரும்னு முன்னாடியே சொன்னது யாருன்னு கேட்டேன். அது விமானப்படை வானிலை ஆளுங்ககிட்ட போச்சு. பாலம் எத்தனை டன் தாங்கும்? பொறியாளர் படை. வண்டிக்கு பிரேக் கடைசியா எப்போ பாத்தாங்க? வாகனக் கிடங்கு. ஆறு அடுத்த நாட்டுக்குள்ள போகுதே, அந்தப் பக்கம் கேட்டாங்களா? அதுக்கு வெளியுறவு வரைக்கும் போய் வந்துச்சு, ஏழு மாசம் ஓடிச்சு. இந்தக் கட்டடத்துல எந்த மூலையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சது இப்படித்தான். ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு மாடி.

போன வருஷம் கேள்வி தீந்துபோச்சும்மா. லாரி மேல போட்டிருந்த தார்ப்பாய் என்ன கலருன்னு எழுதிக் குடுத்தேன். கண்ணாடியம்மா படிச்சாங்க. நிமிந்து என்னையே பாத்தாங்க. சீல் வெச்சு வாங்கிக்கிட்டாங்க.

வீட்டுலயா? நானும் மருமகளும்தான். அவ ஆஸ்பத்திரில ரத்தம் சோதிக்கிற வேலை பாக்குறா. அப்போ கல்யாணமாகி எட்டே மாசம், அதுலயும் அவன் லீவுல இருந்த நாளக் கூட்டினா ஒரு மாசம் வராது. அம்மா வீட்டுக்குப் போன்னு நானே சொல்லிப் பாத்தேன். நீங்க தனியா என்ன பண்ணுவீங்க மாமான்னு இருந்துட்டா. நான் இங்க கிளம்புற அன்னைக்கெல்லாம் சாப்பாடு கட்டிக் குடுப்பா. இன்னைக்கு என்ன கேட்டீங்கன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டதில்ல.

போன ஞாயித்துக்கிழமை ஒரு ஆளு வந்தான். அவ ஆஸ்பத்திரிலயே எக்ஸ்ரே எடுக்குறவன். மருமக வெளிய போயிருந்த நேரம் பாத்து வந்திருக்கான். கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். உக்காருப்பான்னா உக்காரல. ஐயா, நாலு வருஷத்துக்கு முன்னாடி அவங்களக் கட்டிக்கிறேன்னு கேட்டேன், இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்கேன்னான். எனக்கு சுருக்குனு கோவம் வந்துச்சு. அவ என்ன சொன்னான்னு கேட்டேன்.

மாமா இன்னும் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காரு, அவர் கேட்டு முடிக்கட்டும்னு சொன்னாளாம்.

அவ்ளோதான். அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தார்ப்பாய் கலரு வரைக்கும் தெரிஞ்சிருக்கு. நான் என்னவோ இந்த சர்க்காரத்தான் நிக்க வெச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஐய, நீங்க ஏன்மா கண்ணத் தொடைக்கிறீங்க. உங்களுக்கே ஆயிரம் இருக்கு. மணி என்ன? அப்போ கிளம்புங்க, ரெண்டாம் மாடி திறந்திருப்பாங்க. லிஃப்ட் வேணாம், படியில போங்க. மூணாவது ஜன்னல்.

ஆமா, அந்த பியூன் என்னைத்தான் எட்டி எட்டிப் பாக்குறாரு. மூணு தடவ கூப்பிட்டுட்டாரு. கண்ணாடியம்மா காயிதத்த எடுத்து வெச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்களாம். பெருசா ஒண்ணுமில்ல, எங்களுக்கு இனிமே கேக்குறதுக்கு எதுவும் இல்லன்னு ரெண்டு வரி, கீழ ஒரு கையெழுத்து. காலைல பத்து மணிக்கே வந்துட்டேன். வந்ததுலேர்ந்து வர்றவங்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கிட்டு நிக்கிறேன்.

பேனா இருக்காம்மா உங்ககிட்ட? நான் வேணும்னேதான் எடுத்துட்டு வரல.